டவுன், தோட்டம், வேலி மூன்றும் ஒரே சொல்லா?

ஹட்டன்வாசி:
இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்திலிருந்து ஹட்டனுக்குக் கிளம்பினால் "டவுனுக்குப் போறேன்" என்கிறோம். அதைப் போன்ற சொல் டச்சில் 'டொய்ன்', பொருள் தோட்டம். ஜெர்மனில் 'ட்ஸவுன்', பொருள் வேலி என்று படித்தேன். உறவா, தற்செயலா? எப்படிச் சரிபார்ப்பது? நம் 'தோட்டம்' டச்சுக்காரர் கொண்டுவந்த சொல் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

கொட்டகலை:
ஒரே வேர்தான். ஆனால் இன்றைய உச்சரிப்புகளை ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். பழைய வடிவங்களை எடுங்கள்: பழைய ஆங்கிலம் டூன், பழைய உயர்ஜெர்மன் ட்ஸூன், ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நோர்ஸ் டூன். பிறகு ஒவ்வோர் ஒலிக்கும் வேறு சொற்களில் சாட்சி தேடுங்கள். ஆங்கில 'ட' ஜெர்மனில் 'ட்ஸ' ஆகும்: பத்துக்கு டென் – ட்ஸேன், நாக்குக்கு டங் – ட்ஸுங்க. 'ஊ' நெடிலுக்கு வீடு சாட்சி: பழைய ஆங்கிலத்தில் ஹூஸ், இன்று ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் ஹவுஸ், டச்சில் ஹொய்ஸ், ஐஸ்லாந்தில் இன்னும் ஹூஸ். டவுனும் அதே தடத்தில்தான் போகிறது. இப்படி வரிசையாகப் பொருந்தினால்தான் உறவு.

பொருள் வேலியில் தொடங்குகிறது. வேலி அடைத்த இடம் டச்சில் தோட்டமாயிற்று, ஐஸ்லாந்தில் வீட்டை ஒட்டிய புல்வெளி. ஆங்கிலத்தில் வளவு, பண்ணை, ஊர், கடைசியில் பட்டணம். ஜெர்மன் சொல்லிலிருந்து ஆங்கிலச் சொல் பிறந்ததென்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இவை அக்கா தங்கை, தாய் மகள் அல்ல.

டிக்கோயா:
இன்னும் ஒரு படி பின்னால் போகலாம். ஐரோப்பாவின் இன்னொரு மொழிக் குடும்பமான கெல்டிக்கில் கோட்டைக்கு 'டூனோன்', மென்மையான 'd' ஒலியுடன். ஆங்கிலம், டச்சு, ஜெர்மன் அடங்கிய ஜெர்மானிய மொழிகளில் பழைய 'd' வல்லின 't' ஆனது. இரண்டுக்கு லத்தீனில் டுவோ (duo), ஆங்கிலத்தில் டூ (two) என நிற்பது அதனால்தான். அந்த மாற்றத்துக்கு முன்பே கெல்டிக்கிலிருந்து கடன் வாங்கியிருக்க வேண்டும் என்பதே பலரது முடிவு.

நம் பெயர்ப் பலகைகளில் இரண்டும் உண்டு. ஹட்டன், நோர்ட்டன் இவற்றின் கடைசி 'டன்' ஆங்கில டூன். டன்கெல்ட், டன்சினன் தோட்டங்களின் முதல் 'டன்' கெல்டிக் மொழியான ஸ்கொட்லாந்துக் கேலிக்கில் கோட்டையைக் குறிக்கும் சொல். தமிழ் எழுத்தில் d, t வேறுபாடு மறைந்துவிடும், கவனம்.

பூண்டுலோயா:
தோட்டம் டச்சு அல்ல. மலையாளத்தில் தோட்டம், கன்னடத்திலும் தெலுங்கிலும் தோட்ட, திராவிடச் சொல். டச்சுக் கடன் எப்படி ஒலிக்கும் என்பதற்குக் கக்கூஸைப் பாருங்கள்: அது 'கக்ஹொய்ஸ்', ஹொய்ஸ் 'கூஸ்' ஆகியிருக்கிறது. அந்தக் கணக்கில் டொய்ன் நம்மிடம் 'டூன்' என்றோ 'தூன்' என்றோதான் வந்திருக்கும். நடுவில் நிற்கும் 'ட்ட'வுக்கு டச்சில் இடமே இல்லை.