புதுப்பிப்பு: 1973 ஹோண்டா எல்சினோர், சூடானதும் எகிறும் எஞ்சின்

இந்த சி.ஆர். 250 எம் மோட்டோகிராஸ் (கரடுமுரடான மண்தடப் பந்தய) வண்டியில், சூடானதும் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்குவதில்லை என்று முன்பு எழுதியிருந்தேன்; பலரும் கார்புரேட்டரைச் சந்தேகித்தீர்கள். காரணம் வேறிடத்தில் இருந்தது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல்-காற்றுக் கலவை, பிஸ்டனுக்குக் கீழே தண்டு சுழலும் கிராங்க் அறை வழியாகவே மேலேறுவதால், அங்கே நுழையும் வெளிக்காற்று கலவையை மெலியச் செய்து வேகத்தைக் கூட்டிவிடும். ஆகவே இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களை அடைத்து, 6 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்றேற்றி, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டைக் கழற்றிய இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவியபோது, கிராங்க் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையமான இடப்புற ஆயில் சீலின் விளிம்பில் கடுகளவு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. கிளட்ச் பக்கச் சீல் கசிந்திருந்தால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகை கக்கியிருக்கும். அந்த அறிகுறி இல்லை. ஆயினும் இரண்டையும் மாற்றிவிட்டேன், ஐம்பதாண்டு ரப்பரை நம்புவதற்கில்லை. இப்போது அழுத்தம் நிற்கிறது, ஐட்லிங்கும் சீராகிவிட்டது. அலுமினிய டேங்கின் நெளிவு மட்டும் அப்படியே இருக்கிறது. மெல்லிய தகடு என்பதால் அதில் கைவைக்க நான் அவசரப்படவில்லை.