ஒன்றரை ஏக்கரில் குடியிருக்க வீடு: மதுராந்தகமா, உத்திரமேரூரா, ஊத்துக்கோட்டையா?

சேலையூர்வாசி:
வணக்கம். ஒன்று முதல் ஒன்றரை ஏக்கர் வாங்கி, வீடு கட்டி நிரந்தரமாகவே குடிபோகலாம் என்றிருக்கிறோம். சனி, ஞாயிறு போய்வரும் பண்ணை வீடு இல்லை. வீட்டில் ஆறு பேர்: அப்பா (இதய நோயாளி), அம்மா, நாங்கள் இருவர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். வாரம் இரண்டு நாள் கிண்டியில் ஆபீஸ். புரோக்கர் காட்டியது மதுராந்தகம், உத்திரமேரூர், செய்யூர், ஊத்துக்கோட்டை. விலை பற்றிக் கேட்கவில்லை. ஊரை எதை வைத்து முடிவு செய்வது?

ஏரிப்பாசனம்:
கிண்டி என்று சொன்னதிலேயே பாதி முடிவு வந்துவிட்டது சார். இந்த நான்கில் ரயில் இருப்பது மதுராந்தகத்துக்கு மட்டும்தான். விழுப்புரம் லைன். செங்கல்பட்டு வந்துவிட்டால் மின்சார ரயில் கிண்டியிலேயே இறக்கிவிடும். மற்ற மூன்றுக்கும் ரோட்டை நம்ப வேண்டியதுதான். ஜிஎஸ்டி ரோட்டில் திங்கள்கிழமை காலை வந்து பார்த்தால் புரியும். அப்பாவுக்காகப் பார்த்தாலும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இந்தப் பக்கம்தான். நிலத்திலிருந்து அங்கே எத்தனை நிமிஷம் என்று ராத்திரி நேரத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பகலில் சரியாக இருக்கும் ரோடு, இருட்டில் மாடு படுத்திருக்கும் ரோடாக மாறிவிடும்.

அடுத்தது தண்ணீர். மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கம் அடியில் இருப்பது கடும்பாறை. வெடிப்பு இருந்தால் தண்ணீர், இல்லையென்றால் புழுதி. ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு) கொட்டும், 200 அடி தள்ளிப் போட்டது வெறும் ஓட்டையாக நிற்கும். அதனால் பக்கத்து நிலத்துக்காரர் போரைக் காட்டி விற்பதை நம்பாதீர்கள். பயிரைப் பாருங்கள். ஏரித் தண்ணீரில் சம்பா எல்லா ஊரிலும் போடுவார்கள். சித்திரை, வைகாசியில் சொர்ணவாரி நெல் நட்டிருந்தால்தான் அந்த ஊர்க் கிணறுகள் கோடையிலும் தாங்குகின்றன என்று அர்த்தம். சுற்றிலும் சவுக்கும் கரம்புமாகக் கிடந்தால் தண்ணீர் இல்லை, அல்லது வேலைக்கு ஆள் இல்லை. எதுவென்று டீக்கடையில் விசாரித்தால் தெரிந்துவிடும்.

நிலத்தில் கிணறு இருந்தால் மே மாதம் நான்கு மணி நேரம் மோட்டாரை விடாமல் ஓட்டச் சொல்லுங்கள். நிறுத்திய பிறகு பழைய மட்டத்துக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் முக்கியம். குழாயில் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதல்ல. ஒரு பாட்டில் பிடித்து லேபில் கொடுங்கள். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்க நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. செய்யூரில் கடலை ஒட்டிய கிராமங்களில் இந்தச் சோதனை இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது ஊரறிந்த விஷயம்.

அதே நிலத்தை ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு தடவை பாருங்கள். ஏரிக்கு மேல்புறம் சல்லிசாகக் கிடைத்தால் அது நீர்ப்பிடிப்பாக (ஏரி நிறையும்போது தண்ணீர் தேங்கும் இடமாக) இருக்கும். கலங்கலுக்கு (ஏரி நிறைந்தால் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்) கீழே என்றால் உபரி நீர் எந்த வழியாக ஓடுகிறது என்று கேளுங்கள். மதுராந்தகம் ஏரி நிறைந்தால் கிளியாறு, ஊத்துக்கோட்டையில் ஆரணியாறு, பூண்டிக்குக் கீழே கொசஸ்தலையாறு. பனைமரத்தில் சேற்றுக்கோடு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்கு மேலேதான் வீட்டின் தரைமட்டம் வர வேண்டும்.

சர்வேநம்பர்:
தண்ணீர் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். பாதை பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் கேஸ் நடப்பது பெரும்பாலும் இதில்தான். பத்திரத்தில் 'மாமூல் வழிநடை பாத்தியம் உட்பட' என்று எழுதியிருப்பதை வைத்து ரோடு இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். பாதைக்குத் தனி சர்வே எண் இருக்கிறதா, 'அ' பதிவேட்டில் (எந்த சர்வே எண் என்ன வகை நிலம், யாருடையது என்று எழுதிய கிராமப் பதிவேடு) அது வண்டிப்பாதைப் புறம்போக்காக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் நடப்பது இன்னொருவர் பட்டா நிலத்தில். போர் லாரி வரும் அன்றைக்கு வேலி போட்டுவிடுவார்கள்.

ஈசி (வில்லங்கச் சான்று) 30 வருஷத்துக்குக் குறையாமல், கூடவே தாய்ப்பத்திரம் (முந்தைய கிரயப் பத்திரம்), பட்டா, சிட்டா, அடங்கல் (பயிர்க் கணக்கு), எஃப்எம்பி (நிலத்தின் அளவு காட்டும் புல வரைபடம்). பத்திரத்தில் ஒன்றரை ஏக்கர், எஃப்எம்பியில் 138 சென்ட் என்ற மாதிரி வித்தியாசம் அடிக்கடி வரும். சர்வேயரை வைத்து அளந்து, கல் நட்ட பிறகு அளவுக்குத்தான் பணம். கூட்டுப் பட்டா என்றால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கித் தந்தபின் கிரயம். பஞ்சமி நிலமா (பட்டியல் சாதியினருக்கென்று அரசு ஒதுக்கிய நிலம்) என்பது இன்றைய பட்டாவில் தெரியாது. தாலுகா ஆபீஸில் யூடிஆருக்கு (நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) முந்தைய பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

நஞ்சையா புஞ்சையா என்பதும் உங்களுக்கு முக்கியம், வீடு கட்டப் போகிறீர்களே. நஞ்சையை மாற்றுவதற்குள் கலெக்டர் ஆபீஸ் வரை அலைய வேண்டியிருக்கும். புஞ்சையே எடுங்கள். கிரயச் செலவு முத்திரை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம்.

'ஃபார்ம் பிளாட்' என்று 10, 15 சென்ட்டாகப் பிரித்து விற்பதன் பக்கம் போகாதீர்கள். அவ்வளவுதான்.

சேலையூர்வாசி:
இருவருக்கும் நன்றி. மதுராந்தகம் பக்கம் புஞ்சை ஒரு ஏக்கர் வந்திருக்கிறது. ரோட்டில் 50 அடி முகப்பு, நீளவாக்கில் உள்ளே போகிறது. இலவச மின்சார மோட்டாரும் உண்டு, அதிலேயே வீட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் புரோக்கர்.

மோட்டார்கொட்டாய்:
இலவச சர்வீஸில் வீட்டுக்கு வயர் இழுத்தால் ஈபிக்காரர் அபராதம் போடுவார், ப்ரோ. வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்கணும். ஆனா அந்த சர்வீஸை விட்டுடாதீங்க. புதுசா பதிவு பண்ணிட்டு வருஷக்கணக்குல காத்திருக்கிறவங்க இருக்காங்க. கிரயத்திலேயே சர்வீஸ் எண்ணையும் கிணற்றுப் பங்கையும் எழுதி வாங்கிப் பெயர் மாத்திக்குங்க. கிணறு நாலு பங்காளிக்குப் பொதுன்னா முறை வெச்சுத்தான் இறைக்க முடியும்.

50 அடி முகப்புன்னா உள்ளே 871 அடி ஓடும். சதுரமான ஏக்கருக்குச் சுற்றளவு 835 அடி, இதுக்கு 1842. பத்தடிக்கு ஒரு கல்தூண் போட்டா 84க்குப் பதிலா 185. அஞ்சு வரிசை முள்கம்பி 4175 அடி போதும்ங்கிற இடத்துல 9210 அடி. செப்டிக் டேங்க்கை உங்க கிணற்றிலிருந்தும் பக்கத்து நிலத்துக் கிணற்றிலிருந்தும் 15 மீட்டராவது தள்ளணும்; நிலத்தோட மொத்த அகலமே 15 மீட்டர்தான். குறைஞ்சது 120 அடி அகலம் இல்லாததை நான்னா எடுக்க மாட்டேன்.

இன்னொண்ணு, சாட்டிலைட் மேப்பைப் பெரிசு பண்ணி மூணு கிலோமீட்டர் சுற்றளவுல வெள்ளையா பள்ளம் தெரியுதான்னு பாருங்க. கல்குவாரி, கிரஷர் அந்த வட்டாரத்துல நிறைய. அப்பா இதய நோயாளின்னா வெடிச் சத்தமும் தூசியும் ஆகாது. எந்த ஊர் எல்லைன்னு சொன்னீங்கன்னா டிப்பர் லாரி ஓடுற ரோடா இல்லையான்னு சொல்லிடுறேன்.