பக்கத்து ஒயின் ஆலைக்கு இருவருமாகப் போவது நல்ல பொழுதா, குடிக்க ஒரு சாக்கா?

மேட்டுநிலம்:
நானும் கணவரும் நகரத்தை விட்டு நாட்டுப்புறத்துக்குக் குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. வீட்டைச் சுற்றி வயல், அதைத் தாண்டினால் திராட்சைத் தோட்டங்கள். காரில் அரை மணி நேரத் தொலைவுக்குள் ஐந்து சின்ன ஒயின் ஆலைகள் இருக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிறு அவற்றில் ஒன்றிரண்டுக்குப் போவது எங்கள் வழக்கம். போன வாரம் ஒரு உறவினர், "குடிக்கப் போறோம்னு சொல்ல வேண்டியதுதானே, எதுக்கு வேற பேரு?" என்று கேட்டார். அது மனதில் தைத்துவிட்டது. என் பக்கத்தை இங்கே வைக்கிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

வீட்டில் நாங்கள் பேசுவதெல்லாம் ஒழுகும் கூரை, அடைத்துக்கொண்ட வடிகால், யார் எதை வாங்கி வர வேண்டும் என்பதுதான். ஆலைக்குப் போனால் மட்டும் எங்கள் இருவருக்கும் சம்பந்தமில்லாத ஒன்றைப் பற்றிப் பேசுகிறோம். ஒரே தோட்டத்தின் இரண்டு வருட ஒயினை அடுத்தடுத்து ஊற்றித் தருவார்கள். ஒன்று கொளுத்திய கோடையில் விளைந்தது, மற்றது மழை விடாத வருடத்தில் விளைந்தது. வெயில் கூடினால் பழத்தில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். அந்த வேறுபாடு நாக்கில் தெரியும்போது, அந்தக் கோடையில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று பேச்சு எங்கெங்கோ போகும். இது குடிக்கப் போவது அல்ல என்று உறுதியாகச் சொல்வேன்.

ஒற்றைவிளக்கு:
சகோதரி, உங்கள் உறவினர் சொன்ன விதம் சரியில்லை, சொன்ன விஷயம் சரி. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்தது: உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு மது என்று எதுவும் இல்லை. அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதுபானங்களை முதல் வகைப் புற்றுக்காரணிகளில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றில், சேர்த்தது 1988இல். ஒயின், பீர், சாராயம் என்ற பிரிவினையெல்லாம் ஈரலுக்குத் தெரியாது.

நாட்டுப்புறத்தில் இது இன்னும் மோசம் என்பது என் கருத்து. மாலையில் போக இடமில்லை, ஆட்கள் குறைவு. இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் கிளாஸை எண்ண மூன்றாவது ஆள் கிடையாது. மாதம் ஒரு ஞாயிறு என்கிறீர்கள். அன்று வாங்கி வரும் ஆறு பாட்டில் அடுத்த ஞாயிறுவரை நிற்கிறதா?

கவாத்துக்காரன்:
நான் மூன்று குளிர்காலம் ஒரு தோட்டத்தில் கவாத்து வேலை, அதாவது கொடி வெட்டிச் சீராக்கும் வேலை, பார்த்தவன். இரண்டு பேருமே ருசி பார்க்கும் மேசையை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். ஒயின் ஆலையில் பார்க்க வேண்டியதில் பாதி அந்த மேசைக்கு வெளியே இருக்கிறது.

குளிர்காலத்தில் கொடி செத்தது போல நிற்கும். போன வருடம் ஓடிய கொடிகளில் பெரும்பகுதியை வெட்டி எறிந்துவிடுவோம். எத்தனை மொட்டு விடுகிறோமோ, அதைப் பொறுத்துத்தான் அடுத்த விளைச்சல். வசந்தம் தொடங்கும்போது வெட்டிய வாயிலிருந்து நீர் சொட்டும். வேர் விழித்துக்கொண்டது என்று அர்த்தம். மொட்டு வெடித்த பிறகு ஒரே ஒரு இரவு உறைபனி விழுந்தால் போதும், அந்த வருட உழைப்பு போயிற்று. பூ பூத்ததிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய நூறு நாள் என்பது பழைய கணக்கு. நடுவில் ஒரு வாரம் பச்சைக் காய்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறும். ஒரே குலையில் பச்சையும் சிவப்பும் கருநீலமும் சேர்ந்து நிற்கும். அதைப் பார்க்கப் போங்கள். எத்தனையோ பேர் கிளாஸைத் தூக்கி நிறம் பார்க்கிறார்கள், அந்த நிறம் ஏறுவதை ஒருவரும் பார்ப்பதில்லை. கருப்புத் திராட்சையிலும் பெரும்பாலும் சாறு நிறமற்றதுதான். தோலோடு சேர்த்து நொதிக்க விடுவதால்தான் சிவப்பு ஒயின் சிவப்பாகிறது.

ஆனால் வரிசைக்குள் நடப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். 1860களில் பிரான்சின் தோட்டங்களை அழித்த ஃபைலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி செருப்பில் ஒட்டிய மண்ணிலும் பயணம் செய்யும். இன்றும் உலகின் பெரும்பாலான ஒயின் கொடிகள் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டியவைதான். காரணம் அந்தப் பூச்சி, அமெரிக்க வேர் அதைத் தாங்கும்.

வண்டிச்சாவி:
எல்லாம் அழகாக இருக்கிறது. வண்டியை யார் ஓட்டுவது என்று மட்டும் யாரும் பேசவில்லை.

நாங்களும் நாட்டுப்புறத்தில் இருக்கும் தம்பதி. பேருந்து நாளுக்கு இரண்டு முறை, ஞாயிறு அதுவும் இல்லை. வாடகை வண்டி கூப்பிட்டால் வராது. ஆறு வருடம் ஒயின் ஆலைகளுக்குப் போனோம், ஆறு வருடமும் ஓட்டியது நான். கணவருக்கு ஒயின் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும், அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். அந்தக் கொஞ்சம் போதுமானதாக இருந்தது. "இந்த முறை நீ ஓட்டு, அடுத்த முறை நான்" என்று தொடங்கியது. அடுத்த முறை வரவே இல்லை.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆலையில் 30 மில்லி வீதம் ஐந்து ஒயின் என்றால் 150 மில்லி. 12 சதவீத ஒயினில் அது 18 மில்லி தூய ஆல்கஹால், எடையில் சுமார் 14 கிராம். உடல் ஒரு மணி நேரத்தில் கழிப்பது தோராயமாக 7 முதல் 10 கிராம். காபி குடித்தாலும் காற்று வாங்கினாலும் அது வேகமாகாது. ஒரே மதியத்தில் இரண்டு ஆலை பார்த்தால் மூன்று நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். பிரான்ஸிலும் இத்தாலியிலும் வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம். ஹங்கேரியும் ஒயின் நாடுதான், அங்கே வரம்பு பூஜ்யம். நாட்டுப்புறச் சாலையில் விளக்கு கிடையாது, வளைவில் என்ன வருகிறது என்று தெரியாது. எனக்கு அந்தப் பூஜ்யம்தான் சரி.

விழுங்காமல் ருசி மட்டும் பார்த்துத் துப்பிவிடலாமே என்பீர்கள். துப்பினேன், வருடக்கணக்கில் துப்பினேன். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும். அதைவிட, அவர் மெல்ல முகம் மலர்ந்து பேசத் தொடங்கும்போது நான் மணி பார்த்துக்கொண்டு நின்றேன். சேர்ந்து போனோம், சேர்ந்து இருக்கவில்லை. மேட்டுநிலம், உங்கள் வீட்டில் ஓட்டுவது யார்?

மேட்டுநிலம்:
என் கணவர்தான். எப்போதும் அவர்தான். இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. அவர் ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு வாயில் வைத்துத் துப்பிவிடுவார். அவருக்கு அது போதும் என்று நானே முடிவு செய்துகொண்டேன், ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ஒற்றைவிளக்கு, பாட்டில் விஷயத்தில் உங்கள் சந்தேகம் பொருந்தாது. ஆறு வாங்குவதில்லை, ஒன்று அல்லது இரண்டு. ஆனால் இதில் வண்டிச்சாவியின் கேள்விக்குப் பதில் இல்லை என்பது எனக்கே தெரிகிறது.

தூரதேசம்:
உள்ளூர் ஒயின் என்றாலே எனக்குத் தயக்கம். தயாரிப்பவர் முகத்துக்காக நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிறோம். பெயர் பெற்ற பகுதியின் ஒயின் ஒன்றை வாங்கி வீட்டிலேயே திறந்தால் ஓட்டும் பிரச்சினையும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. பெயர் சும்மா வருவதில்லை.

கவாத்துக்காரன்:
பெயர் சும்மா வருவதில்லை, சரி. ஆனால் பெயர் கண்ணை மறைக்கவும் செய்யும். 1976இல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற பிரிட்டிஷ் ஒயின் வியாபாரி பெயர்ச்சீட்டை மறைத்து, பிரெஞ்சு ஒயினையும் கலிபோர்னிய ஒயினையும் ஒப்பிட ஒரு சோதனை நடத்தினார். ருசி பார்த்த நடுவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். சிவப்பிலும் வெள்ளையிலும் முதலிடம் கலிபோர்னிய ஒயினுக்குப் போனது. அன்று அதுவும் யாரோ ஒருவரின் உள்ளூர் ஒயின்தான். வீட்டில் திறந்து குடிப்பது நல்ல யோசனை, அதில் உடன்படுகிறேன். முகத்துக்காகப் பாராட்ட வேண்டாம். எது பிடிக்கவில்லை என்று மரியாதையாகச் சொன்னால் நல்ல தயாரிப்பாளர் காது கொடுத்துக் கேட்பார்.

ஒற்றைவிளக்கு:
முகத்துக்காக என்றீர்களே தூரதேசம், அந்த முக தாட்சண்யம்தான் எனக்கும் உறுத்துகிறது. பெரிய கடையில் எதுவும் வாங்காமல் வெளியே வரலாம். சின்ன ஆலையில் தயாரித்தவரே எதிரில் நின்று ஊற்றித் தருகிறார், அரை மணி நேரம் கதை சொல்கிறார். நாளைக்கு அவரைச் சாலையில் பார்க்க வேண்டும். வெறுங்கையோடு எப்படித் திரும்புவீர்கள்? நட்பும் விற்பனையும் பிரிக்க முடியாமல் பின்னிக்கிடக்கும் இடத்தில், குடிக்க வேண்டாம் என்று முடிவு செய்பவருக்குக் கால் ஊன்ற இடமே இல்லை. குடியிலிருந்து வெளியே வந்த ஒருவர் என் குடும்பத்தில் இருக்கிறார். திராட்சைத் தோட்டங்கள் நடுவில் வாழும் அவருக்கு ஒவ்வொரு விருந்து அழைப்பும் ஒரு சோதனை. அதனால்தான் இதை அழகான பொழுதுபோக்கு என்று எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு வலிக்கிறது.

தோட்டம் என்றாலே இயற்கை என்ற எண்ணமும் வேண்டாம். திராட்சை பூஞ்சைக்குச் சீக்கிரம் இரையாகும் பயிர். மயில்துத்தம் என்னும் தாமிர உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தெளித்துவருகிறார்கள், இயற்கை வேளாண்மையிலும் அதற்கு அனுமதி உண்டு. அந்தத் தாமிரம் மண்ணிலேயே தங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் ஏழு வருடத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம் என்று வரம்பு வைத்ததே அதனால்தான். பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இதைக் கேட்க உரிமை இருக்கிறது.

கவாத்துக்காரன்:
தாமிரம் பற்றி நீங்கள் சொன்னது உண்மை, நானும் தெளித்திருக்கிறேன். அதையும் ஆலைக்குப் போய்த்தான் கேட்க முடியும். பாட்டிலில் ஒட்டிய சீட்டு பதில் சொல்லாது. எப்போது தெளிக்கிறீர்கள், எங்கள் வேலிவரை காற்றில் வருமா என்று பக்கத்து வீட்டுக்காரர் நேரில் கேட்டால் மழுப்ப முடியாது.

உங்கள் குடும்பத்தில் இருப்பவரைப் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. அவரை அங்கே கூட்டிப்போக வேண்டாம்.

வண்டிச்சாவி:
நாங்கள் ஆலைகளுக்குப் போவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. நிறுத்தியபோது கணவர் வருத்தப்பட்டார். பிறகு ஒருநாள், "நீ ஒரு தடவை சொல்லியிருக்கலாமே" என்றார். சொன்னேன், சிரித்துக்கொண்டே சொன்னதால் அவருக்கு அது கேட்கவில்லை. மேட்டுநிலம், நீங்கள் கேளுங்கள். அவர் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.

மேட்டுநிலம்:
கேட்டேன். உடனே பதில் வரவில்லை. இரவு பாத்திரம் கழுவும்போது சொன்னார்: ருசி பார்ப்பதில் அவருக்குப் பெரிய ஆசை இல்லையாம். பீப்பாய் அறையும் அந்த வாசனையும்தான் பிடிக்குமாம். ஒரு பீப்பாயில் 225 லிட்டர் என்று போன முறை ஒருவர் சொன்னதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார், முந்நூறு பாட்டில் என்று கணக்குப் போட்டும் வைத்திருக்கிறார். ஆனால் நான் நான்காவது கிளாஸுக்கு மேல் அவரிடம் பேசாமல் ஊற்றித் தருபவரிடம் பேசத் தொடங்கிவிடுகிறேனாம். அதுதான் அவருக்குக் குறை. எனக்கு அது தெரியவே தெரியாது.

அதனால் இரண்டு மாற்றம். இனி ஒரு மதியத்துக்கு ஒரு ஆலை மட்டும். அங்கே யாரும் குடிப்பதில்லை. பிடித்திருக்கும் என்று தோன்றும் ஒரு பாட்டிலை வாங்கி வந்து வீட்டில் இருவருமாகத் திறப்போம். வரும் ஞாயிறு கவாத்து நடக்கிறது, வந்து உதவலாமா என்று ஒரு தோட்டத்தில் கேட்டோம், வரச்சொல்லிவிட்டார்கள். உறவினர் கேட்டதற்கு இப்போதும் என் பதில் 'இல்லை'தான். ஆனால் முதல் பதிவில் எழுதிய அளவு உறுதியாக இன்று எழுத மாட்டேன்.

ஒற்றைவிளக்கு:
அந்தப் பாட்டிலும் வேண்டாம் என்பதே என் நிலை, அதை மாற்றிக்கொள்ளவில்லை. கவாத்துக்குப் போவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. குடியை விட்ட எங்கள் வீட்டு ஆளும் அந்த வேலைக்கு வருவார் என்று நினைக்கிறேன், கேட்டுப் பார்க்கிறேன். வேலை முடிந்ததும் கிளாஸ் நீட்டுவார்களா?

கவாத்துக்காரன்:
நீட்டுவார்கள். காலையிலேயே சொல்லிவிட்டால் நீட்ட மாட்டார்கள், நான் வேலை பார்த்த இடத்தில் குடிக்காத இருவர் இருந்தார்கள், யாரும் வற்புறுத்தியதில்லை.

மேட்டுநிலம், கத்திரி அவர்களே தருவார்கள். அதை ஒவ்வொரு கொடிக்கும் துடைக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள், வெட்டுவாய் வழியாக நோய் பரவும். வெட்டிய கொடியைக் கம்பியிலிருந்து உருவி இழுக்கும்போது சாட்டை மாதிரி திரும்பி முகத்தில் அடிக்கும். இருவரும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் பின்னால் நிற்க வேண்டாம்.