விறைப்பூசியில் அட்ரினலின், அம்மாவுக்குச் சரிவருமா?

வணக்கம், திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்குக் கீழ்க் கடவாய்ப்பல் ஒன்று பிடுங்க வேண்டும், ஆனால் அவர் பிறஷருக்கு நெடுநாளாகப் புரொப்ரனலோல் குளிசை எடுக்கிறார், அதுதான் யோசனை. விறைப்பு மருந்தான லிக்னோகெயினைத் தனியே போட்டால் இரத்தக் குழாய்கள் விரிந்து, முரசில் இரத்த ஓட்டம் கூடி, மருந்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும், பல்லுக்குள் விறைப்பு சில நிமிடங்கள்தான் நிற்கும். அதனால்தான் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினை 1:80,000 அளவில் கலக்கிறார்கள். எனக்குப் போட்டபோது ஊசி இறங்கிய இடத்தில் முரசு அப்படியே வெளிறிப்போனதைக் கண்ணாடியில் பார்த்தேன். குழாய் சுருங்கினால் இரத்தம் கசிவதும் குறையும், சரி. ஆனால் புரொப்ரனலோலோடு அட்ரினலின் சேர்ந்தால் பிறஷர் ஏறி நாடித்துடிப்பு குறையலாம் என்பதால் பயமாக இருக்கிறது. குளிசையை நாங்களாக நிறுத்தமாட்டோம்.

குழுவில் பல் வைத்தியர்கள் இருந்தால் சொல்லுங்கள்: இப்படியானவர்களுக்கு அட்ரினலினைக் குறைத்துப் போடுவீர்களா, அல்லது அது இல்லாத 3 சதவீத மெபிவகெயின் என்ற வேறு விறைப்பு மருந்தா? மெபிவகெயின் குழாய்களை அவ்வளவாக விரிக்காதாமே, திருகோணமலையில் எங்காவது கிடைக்குமா? அம்மா வலியில் சரியாகச் சாப்பிடுவதுமில்லை, தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் பதில் போடுங்கள்.