ஓஎக்ஸ்கே 1:80, ஐஜிஎம் நெகட்டிவ்: டைபஸ் இல்லை என்று எழுதலாமா?

பட்டர்வொர்த் லேப்:
செம்பனைத் தோட்டத் தொழிலாளி, காய்ச்சல் 5-ஆம் நாள். டிங்கி என்எஸ்1 நெகட்டிவ், பிளேட்லெட் 90,000, ஏஎல்டி (கல்லீரல் நொதி) கூடியிருக்கு. வெயில்-ஃபெலிக்ஸில் (புரோட்டியஸ் பாக்டீரியாவோடு சீரத்தைக் கலந்து டைபஸைத் தேடும் பழைய சோதனை) ஓஎக்ஸ்கே (ஸ்க்ரப் டைபஸுக்கான புரோட்டியஸ் வகை) 1:80, ஓஎக்ஸ்19 (மற்ற டைபஸுக்கான வகை) இல்லை. ரேபிட் கார்டில் ஐஜிஎம் (தொற்றில் முதலில் வரும் எதிர்ப்பொருள்) வரலை. ஸ்க்ரப் டைபஸ், அதாவது சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சல், இல்லைன்னு வார்டில் ரிப்போர்ட் கேட்கிறாங்க. கொடுக்கலாமா? கையில் சிவப்பு மூடிக் குழாய் (சீரத்துக்கானது) ஒன்றுதான் இருக்கு.

செந்தூல் மைக்ரோ:
கொடுக்காதீங்க. 5-ஆம் நாளில் ஐஜிஎம் இல்லாதது ஒன்றையும் தள்ளாது. பலருக்கு முதல் வாரம் முடியும்போதுதான் அது தலைகாட்டும். ஓஎக்ஸ்கே 1:80 ஒற்றை அளவாக இருந்தால் அதற்கும் பலம் இல்லை, புரோட்டியஸ் சிறுநீர்த் தொற்றிலும் எலிக் காய்ச்சலான லெப்டோவிலும் ஏறும். "இந்த மாதிரியில் ஐஜிஎம் எதிர்ப்பொருள் காணப்படவில்லை, 10-14 நாள் கழித்து இரண்டாவது சீரம் அனுப்பவும்" என்று எழுதுங்க. முதல் சீரத்தைச் சின்னக் குழாய்களாகப் பிரித்து -20 டிகிரியில் வையுங்க. இரண்டையும் ஒரே ஸ்லைடில், ஒரே ஓட்டத்தில் ஐஎஃப்ஏ (எதிர்ப்பொருளைப் பச்சையாக ஒளிரவைத்துப் பார்க்கும் சோதனை) போட்டால்தான் நான்கு மடங்கு ஏற்றத்தை நம்பலாம். தனித்தனி நாளில் போட்டால் படிக்கிற கண்ணே ஒரு டைலூஷன் மாறும்.

இன்றைக்கே இடிடிஏ ரத்தம் (உறையாமல் தடுக்கும் குழாயில் எடுத்தது) கேளுங்க, பஃபி கோட்டில் (வெள்ளணு அடுக்கில்) பிசிஆர் (கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் சோதனை) பார்க்கலாம். ஹெப்பரின் குழாய் வேண்டாம், அது பிசிஆரை முடக்கும். டைபஸ் மருந்தான டாக்சிசைக்ளின் ஏறுமுன் எடுத்தால் நல்லது; ஆனால் மாதிரிக்காக மருந்தை ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது.

ஆயர் ஈத்தாம் அக்கா:
சோதிக்க ரத்தத்தைவிட, சிற்றுண்ணி கடித்த இடத்தில் வரும் பொருக்கு நல்லது. துணியை விலக்கி அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, முழங்கால் மடிப்பு எல்லாம் பார்க்கச் சொல்லுங்க. வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளி வாய் திறந்து சொல்லமாட்டார். சிகரெட் சூடு வைத்த மாதிரி நடுவில் கறுப்பு, சுற்றிலும் சிவந்த வளையம். வியர்வை தேங்கும் மடிப்பில் மட்டும் கறுக்காமல் வெறும் ஆழமில்லாத புண்ணாகக் கிடக்கும்; அதைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க.

சலைனில் நனைத்த காஸை வைத்து இளக்கி, ஃபோர்செப்ஸால் ஓரத்திலிருந்து தூக்குங்க. உலர்ந்த ஸ்டெரைல் குழாயோ 70% எத்தனாலோ போதும். ஃபார்மலினில் போட்டுவிடாதீங்க, டிஎன்ஏ சிதைந்துபோகும். பொருக்கு இல்லாவிட்டால் புண்ணின் அடியில் ஸ்வாபை அழுத்தி உருட்டி எடுங்க. மருந்து தொடங்கிச் சில நாள் ஆன பிறகும் பொருக்கில் பிசிஆர் பாசிட்டிவ் வர வாய்ப்பு உண்டு.

செந்தூல் மைக்ரோ:
அக்கா சொன்னது சரி. ஐஎஃப்ஏ பற்றி இரண்டு வார்த்தை: ஈரப்பெட்டி இல்லாமல் 37 டிகிரியில் வைத்தால் குழி காய்ந்து பின்னணி முழுக்கப் பச்சையாகிடும். ஐஜிஎம் பார்க்கும்முன் ருமட்டாய்டு ஃபேக்டரை உறிஞ்சி எடுக்கணும், இல்லாவிட்டால் போலி பாசிட்டிவ் வரும். ஆன்டிஜனில் கார்ப், காட்டோ, கில்லியம் என்ற மூன்று கிருமி வகையும் இருக்கிறதா பாருங்க; ஒன்று மட்டும் என்றால் வேறு வகை நழுவிடும்.

ஓஎக்ஸ்கேயில் அந்த 'கே' கிங்ஸ்பரி என்ற பெயர். 1920-களில் நம்ம கோலாலம்பூர் ஐஎம்ஆரில் (மருத்துவ ஆய்வுக் கழகம்) ஃப்ளெட்சர் குழு காட்டு டைபஸையும் (ஸ்க்ரப்) கடைத்தெரு டைபஸையும் பிரித்தறிய உதவிய புரோட்டியஸ் வகை அது. அந்தக் காலத்துக்குப் பெரிய கருவி. இன்றைக்கு அதை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது.

ஆயர் ஈத்தாம் அக்கா:
இன்னொன்று, பிளட் கல்ச்சரும் கட்டாயம் போடுங்க. ஸ்க்ரப் டைபஸ் கிருமியான ஓரியன்ஷியா உயிரணுவுக்குள் மட்டுமே வளரும், பாட்டிலில் வராது. ஆனால் மண்ணில் வேலை செய்பவருக்கு மெலியாய்டோசிஸும் (மண்ணிலுள்ள பாக்டீரியாவால் வரும் தொற்று) இருக்கலாம். ஆக்சிடேஸ் பாசிட்டிவ் கிராம் நெகட்டிவ் குச்சி, கோலிஸ்டினுக்கு அடங்காமல் கோ-அமாக்சிகிளாவுக்கு அடங்கினால், "சூடோமோனாஸ், கலப்படம்" என்று ஒதுக்காதீங்க. பிளேட்டை முகர்ந்து பார்க்கவே கூடாது. உடனே மூடி, பாதுகாப்பு கேபினெட்டுக்குள் கொண்டுபோங்க.