நரம்பணுச் சவ்வின் சேனல்: கால்வாயா, மடையா?

தஞ்சாவூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். நரம்பியல் தொடக்கப் பாடத்துக்கான தமிழ்ச் சொற்பட்டியலில் இழுபறியாக நிற்பது அயன் சேனல்தான்; நரம்பணுவின் சவ்வைத் தாண்டி அயனிகளை, அதாவது மின்னேற்றம் கொண்ட அணுக்களை, விடும் வழி. இதைக் கால்வாய் என்று எழுதுவதை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. கால்வாய் என்றால் நம் பிள்ளைகளுக்குக் கல்லணைக் கால்வாய். ஓர் ஊரில் புறப்பட்டு இன்னோர் ஊருக்குப் போவது. அதனால்தான் சோடியம் அயனிகள் முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் வரை கால்வாய்க்குள் ஓடுகின்றன என்று விடைத்தாளில் எழுதுகிறார்கள்.

சேனல், சவ்வில் குறுக்காகப் பதிந்திருக்கும் ஒரு புரதம். சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். அந்த இடத்தில் அயனி கடக்கும் தொலைவும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு மீட்டர் நீள ஆக்ஸானின் (நரம்பணுவின் நீண்ட இழை) கோடிவரை போய்ச் சேர்வது அயனி அல்ல, மின்னழுத்த மாற்றம். ஓரிடத்தில் சோடியம் நுழைந்தால் அடுத்த இடத்துச் சவ்வின் அழுத்தம் ஏறும், அங்கிருக்கும் சேனல் திறக்கும், அப்படியே தொடரும். வாய்க்கால் கரையில் குறுக்கே வெட்டி வயலுக்குத் தண்ணீர் விடும் வாய்க்கு மடை என்று பெயர். எனவே: அயனி மடை.

கும்பகோணத்திலிருந்து:

> எனவே: அயனி மடை

ஐயா, குறுக்கே கடப்பது என்ற வாதம் சரி. ஆனால் மடை என்றதும் பையன் வாயில் அடுத்து வருவது "மடை திறந்த வெள்ளம்". சோடியம் கொட்டித் தீர்த்து உள்ளும் வெளியும் சமமாகிவிடும் என்று நினைப்பான். ஏற்கெனவே இருக்கும் குழப்பத்துக்கு நாமே சொல் எடுத்துக் கொடுத்தது போலாகும். நரம்பணுவின் வெளியே சோடியம் லிட்டருக்குச் சுமார் 145 மில்லிமோல், உள்ளே 15. பொட்டாசியம் உள்ளே 150, வெளியே 5. ஒரு துடிப்பில், அதாவது நரம்பில் ஓடும் ஒரு மின் சைகையில், −70 மில்லிவோல்ட்டிலிருந்து +40 வரை அழுத்தம் ஏறி இறங்குகிறது. அதற்காக உள்ளே வரும் சோடியத்தால் நரம்பணு உடலின் சோடியச் செறிவு ஆயிரத்தில் ஒரு பங்குகூட மாறுவதில்லை. ஸ்க்விட் என்ற கடல் உயிரியின் தடித்த ஆக்ஸானில், சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே ஏற்றும் பம்பை நிறுத்திவிட்டாலும் ஆயிரக்கணக்கான துடிப்புகள் தொடர்ந்து வரும். வெள்ளம் எங்கே இருக்கிறது?

வேதாரண்யத்திலிருந்து:

கும்பகோணத்துக்காரர்களுக்கு மடை திறந்தால் தண்ணீர் பாய்ந்தே தீரும் என்ற நினைப்பு! எங்கள் கடைமடையில் வந்து பாருங்கள். வடிகாலும் வயலும் ஒரே மட்டத்தில் நின்றால் மடை திறந்தே கிடக்கும், தண்ணீர் அசையாது. வடிகால் ஏறினால் எதிர்த்தும் வரும். மடை திறந்திருப்பது வேறு, ஓட்டம் இருப்பது வேறு. பாடத்தில் மாணவர் தடுமாறும் இடமும் இதுதான்.

அயனிக்கு மட்டம் என்பது செறிவும் மின்னழுத்தமும் சேர்ந்தது. உடல் வெப்பம் 37 டிகிரியில், வெளிச்செறிவை உட்செறிவால் வகுத்து, வரும் எண்ணின் 10 அடிமான மடக்கையை 61.5 ஆல் பெருக்கினால் சமநிலை அழுத்தம் மில்லிவோல்ட்டில் கிடைக்கும். மேலே கொடுத்த எண்களைப் போட்டால் ஏறத்தாழச் சோடியத்துக்கு +60, பொட்டாசியத்துக்கு −90 வரும். சவ்வு −90 இல் நிற்கும்போது பொட்டாசிய மடை எத்தனை திறந்தாலும் நிகர ஓட்டம் சுழி. இந்தக் கணக்கைச் சொல்லோடு சேர்த்து அன்றே போடச் சொல்லுங்கள், வெள்ளம் தானாக வடிந்துவிடும். சேனலைத் துளை என்றோ ஓட்டை என்றோ எழுதும் யோசனை வந்தால் அதற்கு நான் எதிரி. சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது. ஆனாலும் பொட்டாசிய மடை அதை விடுவதில்லை. ஓட்டை ஆள் பார்த்து விடாது.

மன்னார்குடியிலிருந்து:

மடைக்கு என் ஆதரவு. ஆனால் அதைவிட அவசரமானது இன்-ஆக்டிவேஷன், அதாவது திறந்த சேனல் தானே அடைபடுவது. இதைச் "செயலிழப்பு" என்று போட்டுவைத்திருக்கிறோம். புரதம் கெட்டுப்போனது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். சோடிய மடைக்கு நிலை மூன்று. −70 இல் கதவு மூடியிருக்கும், ஆனால் திறக்கத் தயார். −55 ஐ ஒட்டி அழுத்தம் ஏறினால் கதவு திறக்கும். ஒரு மில்லிநொடிக்குள் புரதத்தின் உட்புறத்திலுள்ள ஒரு வளையம் வந்து வாயை அடைத்துக்கொள்ளும். கதவு திறந்திருந்தும் அயனி போகாது. அழுத்தம் மறுபடி −70 பக்கம் இறங்கினால்தான் அது விலகும். இதற்குத் தக்கை என்று பெயர் வைக்கலாம்: மூடிய மடை, திறந்த மடை, தக்கை விழுந்த மடை. துடிப்பு வந்த வழியே திரும்பாமல் முன்னோக்கியே போவது இந்தத் தக்கையால்தான்.

மூடியதும் தக்கை விழுந்ததும் ஒன்று என்று விட்டுவிட்டால் மருத்துவப் பாடத்தில் உதை வாங்குவார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் மிக ஏறினால் தசை ஏன் தளர்கிறது? ஓய்வு அழுத்தம் மேலே வருகிறது, துடிப்பு தொடங்கும் வாசலை நெருங்கிவிட்டது, துடிப்பு எளிதாகத்தானே வர வேண்டும் என்பார்கள். முதலில் அப்படித்தான். ஆனால் அழுத்தம் மேலேயே தங்கிவிட்டால் தக்கைகள் விலகுவதில்லை; திறக்கத் தயாரான மடைகள் குறைந்துபோகின்றன.

தஞ்சாவூரிலிருந்து:

தக்கை பிரமாதம் அம்மா, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கூட்டுச்சொற்களையும் போட்டுப் பார்த்தேன். கேட் = மடைக்கதவு. மின்னழுத்தத்தால் திறக்கும் வோல்டேஜ் கேட்டட் சேனல் = மின்னழுத்த மடை. எப்போதும் திறந்திருக்கும் லீக் சேனல் = கசிமடை. சேனல் பிளாக்கர் = மடையடைப்பி; பேத்தை மீனின் டெட்ரோடாக்சின் சோடிய மடையை வெளிவாயில் அடைப்பது, மரத்துப்போக ஊசி போடும் லிக்னோகெய்ன் உட்புறம் போய் அடைப்பது, இரண்டுக்கும் பொருந்துகிறது. சேனல் பழுதால் வரும் நோயான சேனலோபதி = மடைக்கோளாறு. பம்பை மடைக் குடும்பத்தில் சேர்க்க வேண்டாம். அது உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியேயும் 2 பொட்டாசியத்தை உள்ளேயும் மேட்டுக்கு ஏற்றுவது. இறைப்பி என்றே இருக்கட்டும். வேகமும் ஏணி வைத்தாலும் எட்டாது: மடையில் நொடிக்குக் கோடி அயனி போகும், இறைப்பியில் சில நூறு.

சேனல் ஆராய்ச்சியாளரை மட்டும் "மடை ஆய்வாளர்" என்று முழுதாக எழுதுங்கள். யாராவது சுருக்கி எழுதிவிட்டால் வம்பு.

கும்பகோணத்திலிருந்து:

மட்டக் கணக்கு அதே பக்கத்தில் வருமென்றால் எனக்கு மறுப்பில்லை. "சோடியம் மடை" வேண்டாம், "சோடிய மடை" என்றே ஒழுங்குபடுத்துங்கள். ஒரு துடிப்புக்குப் பின் அடுத்தது எளிதில் எழாத ரிஃப்ராக்டரி பீரியடுக்குத் தக்கைக்காலம் என்று வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். முதல் பகுதிக்குத்தான் தக்கை முக்கியக் காரணம். பிந்திய பகுதியில் பொட்டாசிய மடைகள் இன்னும் மூடாமல் இருப்பதும் சேர்ந்துகொள்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.