நரம்பை உறைய வைக்கலாமா? ஒரு சொல் தேடல்

அன்பின் நண்பர்களுக்கு,

நரம்பைக் கடுங்குளிரால் உறைய வைத்து நோவைக் குறைக்கும் சிகிச்சைக்கு (cryoneurolysis) தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்கு அக்கரைப்பற்று நானா தந்த "நரம்பு உறைவு" என்ற சொல்லைக் கனடாவில் இருக்கும் என் சித்தியிடம் சொல்லிப் பார்த்தேன். தோள்மூட்டுத் தேய்வால் பல வருடம் நோ அனுபவிப்பவர். அங்கே வைத்தியர் இந்தச் சிகிச்சை பற்றிச் சொன்னதைத் தமிழில் விளக்கக் கேட்டவரும் அவர்தான்.

"உறையிறதெண்டா ரத்தம் கட்டிபடுற மாதிரியா மகன்?" என்றார். அடுத்தது, "எனக்கு உறைந்த தோள் இல்லையெண்டுதானே சொன்னவங்க?"

இரண்டும் நியாயமான கேள்விகள். உறைந்த தோள் வேறு வருத்தம். மூட்டைச் சுற்றிய உறை தடித்துச் சுருங்கிக் கையைத் தூக்க விடாமல் செய்வது. (மட்டக்களப்பானுக்கு உறைதல் என்றால் முதலில் சட்டித் தயிர்தான். அது வேறு கதை.)

ஏறாவூர்த் தம்பி தந்த "விறைப்பு" என்ற சொல் நம் வாய்க்கு நெருக்கம். ஆனால் பல் பிடுங்க முன் போடுவதும் விறைப்பூசி, காலையில் தோள் அசைய மறுப்பதும் விறைப்பு. விறைப்பென்று வந்தவருக்கு விறைப்பையே மருந்தாக எழுதிக் கொடுப்பதா?

நடப்பதைப் பார்ப்போம். ஊசி போன்ற குழாயின் நுனிக்குள் நைட்ரஸ் ஆக்சைடு போன்ற வாயு திடீரென விரியும்போது, நுனி பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 70 பாகைக்குக் குளிர்ந்து, சுற்றி ஒரு சிறு பனியுருண்டை உண்டாகிறது. வாயு உடம்புக்குள் போவதில்லை. நரம்பின் உள்ளிழை சிதைகிறது, அதைத் தாங்கும் கூடு மட்டும் நிற்கிறது. அந்தக் கூட்டின் வழியே இழை நாளுக்கு 1 அல்லது 2 மில்லிமீற்றராகத் திரும்ப வளரும். வளரும்வரை, மாதக்கணக்கில், நோ குறைந்திருக்கும். தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியேதான் இருக்கும். நரம்பு திரும்ப வளர்வதால் "நரம்பழிப்பு" என்ற சொல்லும் வேண்டாம், பயங்காட்டும்.

"குளிர்" என்று தொடங்கவும் தயக்கம். குளிர்வித்த ரேடியோ அலைச் சிகிச்சை என்று ஒன்று உண்டு. பெயரில்தான் குளிர், வேலை சுடுவது. நுனியை நீரால் குளிர்விப்பதே சுற்றியுள்ள இழையத்தை இன்னும் அகலமாகச் சுடத்தான்!

என் பரிந்துரை: நரம்புப் பனிமரப்பு.

*

மட்டக்களப்புத் தம்பி,

"உறைவு" என்னுடையது, விட்டுக்கொடுக்கிறேன். "நரம்படக்கம்" என்றும் யோசித்தேன். அடக்கம் என்றால் எங்களூரில் மையத்தை, இறந்தவர் உடலை, அடக்குவதுதான் நினைவு வரும், அதனால் எழுதவில்லை.

மரப்பு சரி. ஐஸ் பெட்டிக்குள் மீன் அடுக்குகிற பொடியனைக் கேளுங்கள்: விரல் மரக்கும், மறுகா உணர்வு வரும். ஆனால் "நரம்பு" எதற்கு? "பனிமரப்பு" போதாதா? சொல் நீண்டால் யாரும் சொல்லமாட்டார்கள்.

*

நானா,

"பனிமரப்பு" என்று மட்டும் சொன்னேன். சித்தி, "அதுதான் நான் தினமும் ஐஸ் ஒத்தடம் வைக்கிறனே" என்றார். இன்னொன்று, தோள்மூட்டுக்குப் போகும் நரம்பு ஒன்று கையைத் தூக்கும் தசையையும் இயக்குகிறது. அதனால் மூட்டுக்குப் பிரியும் கிளைகளைப் பார்த்துத்தான் பனியை வைக்கப் பார்ப்பார்கள். எந்த நரம்பு, எந்தக் கிளை என்று நோயாளி கேட்க வேண்டும். கேட்பதற்காவது "நரம்பு" அங்கே இருக்கட்டும். பேச்சில் சுருங்கினால் சுருங்கட்டும், ஒப்புதல் படிவத்தில் முழுதாக எழுதுவோம்.